கணிப்பொறிப் பகிர்வுக் கட்டளைகள் – ஒரு மதிப்பீடு

பெரியாறு – வைகைப் பாசனப் பகுதியில் தண்ணீர் திறப்பதற்கான அரசாணை நாளிதழ்களில் வெளியாகும்போது அதைக் கவனித்துப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். எந்தக் கால்வாய், எத்தனை ஏக்கர், வினாடிக்கு எத்தனை கன அடி, எத்தனை நாட்கள் ஆகிய அனைத்தும் அதில் கூறப்பட்டிருக்கும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்கு என்றால், முதல் 45 நாட்களுக்குத் தொடர்ச்சியாகவும் அதன்பின் 75 நாட்களுக்கு முறை வைத்தும் நீர் விடுவது வழக்கம். மேலூர்ப் பக்கத்து ஒருபோக விவசாயி தன் முறை பின்னால் வருகிறதே என்று வருந்தலாம், வாதாடலாம், மனுக் கொடுக்கலாம். ஆனால் தாம் ஏன் காத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். கண்மாய்க்குள் வந்த நீரை வயல்வயலாகப் பிரித்துவிடும் நீர்க்கட்டியும் பட்டப்பகலில், பத்துப்பேர் பார்க்கத்தான் மடையைத் திறக்கிறார், அடைக்கிறார்.

பலருக்குப் பொதுவான ஒன்றைப் பங்கிடுவது எப்படி என்ற இந்தப் பழைய சிக்கல், இன்று கணிப்பொறி அறையிலும் எழுந்துள்ளது. அங்கே மடை திறப்பவர் நிர்வாகி எனப்படும் ஒருவர். அவர் கையில் இருப்பது மண்வெட்டி அன்று. முனையத்தில் தட்டச்சிடும் சில கட்டளைகள். அக்கட்டளைகளில் பெரிதும் வழங்கும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொண்டு, அவை பங்கீட்டை எவ்வளவு நேர்மையாக நடத்த உதவுகின்றன என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கருவிகளின் வேகத்தை அளந்து பாராட்டும் கட்டுரைகள் ஏராளமாக வந்துள்ளன. வரிசையில் நிற்பவரின் பக்கத்திலிருந்து அவற்றைப் பார்த்தவை குறைவு.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஒரே கணிப்பொறியால் செய்து முடிக்க இயலாத பெருங்கணக்குகள் உண்டு. ஒரு புரத மூலக்கூறு நீரில் எவ்வாறு மடிகிறது, பருவக்காற்று அடுத்த வாரம் எவ்வாறு திரும்பும், ஓர் உலோகக் கலவையின் அணுக்கள் எவ்வாறு அடுங்கும் என்பன போன்றவை. இவற்றுக்காகப் பல கணிப்பொறிகளை அதிவேக இணைப்புகளால் பிணைத்து ஒரே தொகுதியாக அமைக்கிறார்கள். தொகுதியிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியையும் கணு என்று அழைப்பது வழக்கம். ஒரு கணுவில் கணக்கிடும் கருக்கள் பல இருக்கும். பணியை ஒப்படைப்பவர் இத்தனை கருக்கள், இவ்வளவு நினைவகம், இத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேட்டு விண்ணப்பிக்கிறார். யாருக்கு எப்போது எந்தக் கணு என்பதைப் பங்கீட்டு மென்பொருள் முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 பெருங்கணிப்பொறி நிறுவப்பட்ட காலத்தில், துளை அட்டைக் கட்டைக் கையில் ஏந்திச் சென்று கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாளுக்காகக் காத்திருந்தவர்கள் பலர். 2004-இல் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 144 கணுக்களைக் கொண்ட கப்ரு என்ற தொகுதி இயங்கத் தொடங்கியது. இமயத்தின் சிகரம் ஒன்றின் பெயர் அதற்கு. மதுரைக்கு அண்மையில் இருப்பது திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பரம் பொருள். தேசிய மீக்கணிப்பொறித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அமைக்கப்பட்டு, 2022 மே 25 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் உச்சத்திறன் 838 டெராஃப்ளாப். அதாவது, நொடிக்கு ஏறத்தாழ 838 இலட்சம் கோடிக் கணக்குகள். செயலிகளின் வெப்பத்தை நேரடியாக நீர்மத்தால் தணிக்கும் முறை அதில் உள்ளது.

அட்டைக் கட்டுக் காலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று சாளரத்துக்கு அப்பால் ஒரு மனித முகம் இருந்தது. ‘ஐயா, என் பணி ஏன் ஓடவில்லை?’ என்று கேட்டால் ஏதேனும் ஒரு பதில் வரும். இன்று சாளரம் இல்லை, முகமும் இல்லை. மதுரையில் உள்ள மாணவிக்குத் திருச்சியில் உள்ள கணு தன் அறையிலிருந்தே எட்டிவிடுகிறது. கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு முழுவதும் கட்டளைகளின்மேல் விழுந்துவிட்டது.

முதற்குடும்பம் ஸ்லர்ம். கலிஃபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் 2002-இல் இதை உருவாக்கத் தொடங்கினார்கள். பெயர் ஒரு கேலிச்சித்திரத் தொடரில் வரும் குளிர்பானத்தினுடையது. பின்னர் ‘லினக்ஸில் வளங்களை நிர்வகிக்கும் எளிய கருவி’ என்று பொருள்படுமாறு அந்த எழுத்துகளுக்கு விரிவு கொடுத்தார்கள். எளிய என்ற சொல் மட்டும் காலப்போக்கில் பொய்த்துவிட்டது! மூலநிரல் அனைவருக்கும் திறந்து கிடப்பதால் உலகின் மிகப்பெரிய மீக்கணிப்பொறிகள் பலவற்றில் இது பரவியது. நம் நாட்டின் பரம் வரிசைத் தொகுதிகளிலும் இதுவே வழங்குகிறது.

இதன் கட்டளைகள் எல்லாம் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். எஸ்-பேட்ச் என்பது பணியை ஒப்படைக்க. எஸ்-கியூ என்பது வரிசையைப் பார்க்க. எஸ்-இன்ஃபோ என்பது கணுக்களின் நிலையை அறிய. எஸ்-கேன்சல் என்பது பணியை நீக்க. நிர்வாகியின் கையிலுள்ள சாவிக்கொத்து எஸ்-கண்ட்ரோல். கணுக்களை நிறுத்துவது, திறப்பது, பணிகளைப் பிடித்துவைப்பது, விடுவிப்பது, முன்னுரிமையை மாற்றுவது எல்லாம் இதனால் முடியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கணுவில் மின்விசிறி பழுது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சட்டென்று அணைத்தால் அதில் ஓடிக்கொண்டிருக்கும் பணிகள் பாழாகும். எனவே நிர்வாகி அக்கணுவை வடியும் நிலைக்கு மாற்றுகிறார். இது சரியான சொல். தலைமதகை அடைத்தபின் வாய்க்காலில் ஏற்கெனவே உள்ள நீர் கடைசி வயல்வரை ஓடி வடிவதுபோல, நடக்கும் பணிகள் முடியும் வரை நடக்கும். புதியவை உள்ளே வாரா. இந்த மாற்றத்தைச் செய்யும் கட்டளையில் காரணம் எழுதப்படாவிட்டால் மென்பொருள் அதை ஏற்க மறுத்துவிடும். எழுதப்பட்ட காரணத்தையும், எழுதியவர் பெயரையும், நாள் நேரத்தையும் பயனாளர் எவரும் எஸ்-இன்ஃபோவுடன் பெரிய ஆர் என்ற குறியைச் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

எத்தனை அலுவலகங்களில், ‘இந்தச் சாளரம் மூடப்பட்டுள்ளது’ என்ற அட்டையைப் பார்த்திருக்கிறோம்! ஏன் மூடினார்கள், யார் மூடினார்கள், எப்போதிலிருந்து என்று எழுதிய அட்டை ஒன்றையாவது கண்டதுண்டா? கலிஃபோர்னிய நிரலாளர்கள் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் ‘சரிபார்ப்பு’ என்று ஒற்றைச் சொல்லை இட்டு ஒப்பேற்றும் நிர்வாகியும் இருப்பார் என்பது உண்மையே. அப்படி ஒப்பேற்றியவர் பெயரும் பக்கத்திலேயே பதிந்துவிடுகிறது அல்லவா?

இனி வரிசைக்கு வருவோம். மதுரையில் உயிரித் தகவலியல் படிக்கும் முதுநிலை மாணவி ஒருத்தி, தன் ஆய்வேட்டுக்காக இத்தகைய தொகுதி ஒன்றில் கணக்குப் பெற்றிருக்கிறாள் என்று கொள்வோம். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரங்கள். பணியை அனுப்பிவிட்டு எஸ்-கியூ கட்டளையை இடுகிறாள். பணியின் எதிரே நிலுவை என்பதற்கான இரண்டெழுத்துகள். கடைசி நெடுவரிசையில் அடைப்புக்குறிக்குள் ஒரு காரணம். அது ரிசோர்சஸ் என்றிருந்தால், கேட்ட அளவு கணுக்கள் இப்போது ஒழியவில்லை, ஒழிந்ததும் வரும் என்று பொருள். பிரையாரிட்டி என்றிருந்தால், முன்னுரிமை மிக்க பணிகள் முன்னால் நிற்கின்றன என்று பொருள். இவ்விரண்டும் காத்திருந்தால் தீரும்.

மூன்றாவதாக ஒரு சொல் வரக்கூடும். கணுக்களைப் பிரிவு பிரிவாக வைத்து, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பணி அதிகபட்சம் இத்தனை நாட்களே ஓடலாம் என்று நிர்வாகி வரம்பு இட்டிருப்பார். மூன்று நாள் வரம்புள்ள பிரிவில் மாணவி நான்கு நாள் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? நிர்வாகி தனியே வேறுவிதமாக அமைத்திருந்தாலொழிய, ஸ்லர்ம் அவ்விண்ணப்பத்தை மறுப்பதில்லை; வாங்கி வைத்துக்கொள்கிறது. அடைப்புக்குறிக்குள் ‘பார்ட்டிஷன் டைம் லிமிட்’ என்று இடைவெளியின்றி ஒட்டிய ஒரு சொல்லைக் காட்டுகிறது. அந்தப் பணி நாளையும் ஓடாது, அடுத்த மாதமும் ஓடாது. ஆனால் திரையில் அது ஓடப்போகும் மற்றப் பணிகளைப் போலவே நிலுவை என்ற அதே இரண்டெழுத்துகளோடு நிற்கும்.

இது பெரிய குறை என்றே கருதுகிறேன். ‘இப்போது இல்லை’ என்பதும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே நிலைக்குள் அடக்கிவிட்டு, வேறுபாட்டை ஒரு கலைச்சொல்லின் தலையில் சுமத்துவது பங்கீட்டு நேர்மைக்கு ஒத்ததன்று. வரம்பை நிர்வாகி பின்னர் உயர்த்தக்கூடும், அப்போது பணி ஓடும், அதனால்தான் வாங்கி வைக்கிறோம் என்று உருவாக்கியவர்கள் சமாதானம் கூறலாம். அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் நிர்வாகி அடுத்த அறையில் இருக்கிறார், கேட்டால் உயர்த்துவார். மூன்று வாரம் மட்டுமே கையிலுள்ள மதுரை மாணவிக்கு அந்தச் சமாதானம் பயன்படாது. வரம்பு மீறிய விண்ணப்பத்தை வாசலிலேயே மறுக்கும் வசதி ஸ்லர்மில் உண்டு. ஒரே ஒரு அமைப்பு வரியை மாற்றினால் போதும். மாணவர்கள் பயன்படுத்தும் தொகுதிகளின் நிர்வாகிகள் அதை மாற்றி வைக்கவேண்டும்.

நேரம் கேட்பதில் இன்னொரு நுட்பமும் உள்ளது. மாணவர் பலர், பணி பாதியில் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தால் வரம்பின் உச்சத்தையே கேட்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் கணக்குக்கு மூன்று நாள் கேட்பவர்கள் உண்டு. இதனால் காத்திருப்பு நீளும் என்பதை எந்தக் கட்டளையும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஏன் நீள்கிறது என்பதற்கு நமக்குத் தெரிந்த கல்யாண மண்டபத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெரிய திருமணம் ஒன்றுக்காக மண்டபம் முழுவதும் நாளை மறுநாளிலிருந்து பதிவாகியிருக்கிறது. அதுவரை மண்டபம் காலி. இன்று காலை ஒருவர் வந்து, ‘காதணி விழா, பகல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுவோம்’ என்றால் மேலாளர் மகிழ்ச்சியுடன் இடம் கொடுப்பார். அதே விழாவுக்கு, ‘எதற்கும் மூன்று நாள் இருக்கட்டும்’ என்று கேட்டால், பெரிய திருமணம் முடிந்தபிறகு வாருங்கள் என்பார். விழா அதேதான், கேட்ட நேரம்தான் வேறு.

பங்கீட்டு மென்பொருளும் இவ்வாறே செய்கிறது. ஐம்பது கணுக்கள் கேட்ட பெரிய பணிக்காகக் கணுக்கள் ஒவ்வொன்றாக ஒழிந்து சேரும் இடைவெளியில், அதைத் தாமதப்படுத்தாமல் முடியக்கூடிய சிறு பணிகளை உள்ளே விடுகிறது. இடைநிரப்பு என்று இதைச் சொல்லலாம். எஸ்-கியூவோடு ஸ்டார்ட் என்ற குறியைச் சேர்த்தால், இன்ன நேரத்தில் தொடங்கக்கூடும் என்ற மதிப்பீடு கிடைக்கும். மற்றவர்கள் சொன்ன நேரங்களை நம்பிச் செய்த மதிப்பீடு என்பதால் அது அடிக்கடி மாறும். இருந்தாலும் மாணவர்கள் இதைப் பழகிக்கொள்வது நல்லது. கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் தொடக்க நேரம் எவ்வளவு முன்னால் வருகிறது என்று சோதித்துப் பார்ப்பதற்காகவேனும்.

இனி முன்னுரிமை. யார் முன், யார் பின் என்பதை ஸ்லர்ம் பல காரணிகளைக் கூட்டிக் கணிக்கிறது: காத்திருந்த காலம், கேட்ட அளவு, பிரிவு, இதுவரை நுகர்ந்த பங்கு ஆகியவை. எஸ்-பிரையோ என்ற கட்டளை நிலுவையிலுள்ள பணிகளுக்கு இக்காரணிகளைத் தனித்தனியே காட்டும். எஸ்-ஷேர் என்ற கட்டளை ஒருவருக்கு உரிய பங்கு எவ்வளவு, அவர் நுகர்ந்தது எவ்வளவு என்று காட்டும். அதிகம் நுகர்ந்தவர் பின்னே தள்ளப்படுவார். குறைவாக நுகர்ந்தவர் முன்னே வருவார். இது நியாயமே.

ஆனால் எவ்வளவு காலத்துக்குப் பழைய நுகர்வை நினைவில் வைத்திருப்பது? இங்கேதான் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தை அரை ஆயுள் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். பங்கீட்டு மென்பொருள்களும் இதே கருத்தைக் கையாள்கின்றன. ஸ்லர்மில் யாரும் மாற்றாத வரை அரை ஆயுள் 7 நாட்கள். சென்ற வாரம் நீங்கள் 1000 மணி நேரக் கணக்கு ஓட்டியிருந்தால் இந்த வாரம் அது 500 ஆகவும், அடுத்த வாரம் 250 ஆகவும் உங்கள் பற்றில் எழுதப்படும். இப்போது நாம் பார்க்கப்போகும் இரண்டாம் குடும்பமான காண்டரில் அரை ஆயுள் ஒரே ஒரு நாள்! இருபத்து நான்கு மணி நேரத்தில் பாதி மறந்துவிடும். இரண்டில் எது நியாயம் என்று இயற்பியல் சொல்லாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆய்வேட்டுக் காலத்தில் மட்டும் தொகுதிக்கு வரும் மாணவிக்கு நீண்ட நினைவுள்ள முறை சாதகம். நாள்தோறும் அதையே நம்பியிருக்கும் ஆய்வாளருக்குக் குறுகிய நினைவே நலம். ஆனாலும் பெரும்பாலான பயனாளர்களுக்கு இப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது.

காண்டரின் பிறப்பிடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன். மைக்கேல் லிட்ஸ்கோ, மிரான் லிவ்னி, மேட் முட்கா ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுரை இதைச் சும்மா இருக்கும் கணிப்பொறிகளின் வேட்டைக்காரன் என்று அறிமுகப்படுத்தியது. காண்டர் என்பது தென்னமெரிக்காவின் மாபெரும் பிணந்தின்னிக் கழுகு. 2012 முதல் இதன் பெயர் எச்.டி. காண்டர். பழைய பெயரின் வணிக உரிமை குறித்து எழுந்த வழக்கே மாற்றத்துக்குக் காரணம்.

இதன் அடிப்படைக் கருத்து நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது. மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளின் கணிப்பொறி ஆய்வகங்களை நினைத்துப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு ஐம்பது அறுபது கணிப்பொறிகளை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். அடுத்த நாள் காலை வரை அவை உறங்குகின்றன. ஞாயிறு முழுவதும் உறங்குகின்றன. காண்டர் இவற்றை ஒரு பொதுக் குளமாகச் சேர்க்கிறது. விசைப்பலகை கால் மணி நேரம் தொடப்படாமலும், செயலி ஓய்ந்தும் இருந்தால் கணிப்பொறியை எடுத்துக்கொள்வதும், உரியவர் வந்து விசையைத் தொட்டவுடன் ஒதுங்கிக்கொள்வதும் அதன் தொன்றுதொட்ட ஒழுங்கு. காண்டர்-ஸ்டேட்டஸ் என்ற கட்டளையிட்டால் ஒவ்வொரு கணிப்பொறியின் நிலையும் தெரியும். உரியவர் அமர்ந்திருக்கும் கணிப்பொறிக்கு எதிரே ‘உரிமையாளர்’ என்று பொருள்படும் சொல் நிற்கும். பொதுப்பயன் என்ற பெயரால் உரியவரைத் துரத்தாத இந்த மரியாதை பாராட்டத்தக்கது.

பரம் பொருள் போன்ற தொகுதிக்கு ஈடாக இதைச் சொல்லவில்லை. கணுக்களிடையே இடைவிடாது தகவல் பரிமாறவேண்டிய கணக்குகளுக்கு ஆய்வகக் கணிப்பொறிகள் உதவா. ஆயிரம் மரபணுத் தொடர்களைத் தனித்தனியே ஒப்பிடுவது போன்ற, ஒன்றையொன்று எதிர்பாராத பணிகளுக்கு அவை போதும். நம் கல்லூரி மாணவர் ஆய்வுகளில் இவ்வகைப் பணிகள் நிறைய உண்டு.

காத்திருப்பவருக்குப் பதில் சொல்வதில் காண்டர் ஸ்லர்மை விஞ்சுகிறது. காண்டர்-கியூ என்ற கட்டளையோடு பெட்டர்-அனலைஸ் என்ற குறியைச் சேர்த்தால், மென்பொருள் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவதில்லை. நீங்கள் விதித்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் நிபந்தனைக்கு இத்தனை கணிப்பொறிகள் பொருந்துகின்றன, இரண்டாவதற்கு இத்தனை என்று பட்டியல் போடுகிறது. நினைவகம் என்ற வரியில் சுழியம் என்று வந்தால், நீங்கள் கேட்ட நினைவகம் குளத்தில் எந்தக் கணிப்பொறியிலும் இல்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நல்ல ஆசிரியர் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்து, தவறு எந்த வரியில் என்று காட்டுவதைப் போன்றது இது. ஸ்லர்ம் மதிப்பெண்ணை மட்டும் போடுகிறது.

அதே காண்டரில் எண்களைக் கையாண்ட விதம் மோசம். பயனாளரின் முன்னுரிமையைக் காட்டும் காண்டர்-யூசர்பிரையோ கட்டளையில் எண் சிறியதாக இருந்தால் நல்லது. 10 என்ற எண்ணுடையவர் 20 என்ற எண்ணுடையவரைவிட இருமடங்கு பங்கு பெறுவார். பணிகளுக்குள் முன்பின் வகுக்கும் காண்டர்-பிரையோ கட்டளையிலோ எண் பெரியதாக இருந்தால்தான் நல்லது. ஒரே குடும்பம், ஏறத்தாழ ஒரே பெயர், நேர்மாறான பொருள். யூசர்பிரையோ எண் ஏறத்தாழ ஒருவர் பயன்படுத்திவரும் கருக்களின் எண்ணிக்கையை நோக்கி நகர்வது என்று அறிந்தால் காரணம் விளங்கும்: அது உண்மையில் முன்னுரிமை அன்று, பற்றுக்கணக்கு. பற்று அதிகமானால் பங்கு குறையும். அப்படியானால் அதற்குப் பற்று என்றே பெயர் வைத்திருக்கலாமே!

நிறுத்தும் கட்டளையில் மீண்டும் அவர்கள் கைநேர்த்தி தெரிகிறது. காண்டர்-ஆஃப் என்பதற்கு மூன்று நடைகள். ஒன்று, நடக்கும் பணி முடியும் வரை பொறுத்திருப்பது. இரண்டாவது, பணிக்கு நிலைமையைச் சேமித்துக்கொள்ள அவகாசம் தந்து வெளியேற்றுவது. எதுவும் சொல்லாவிட்டால் இதுவே நடக்கும். மூன்றாவது, உடனே வெட்டுவது. குளம் முழுவதையும் நிறுத்தவேண்டுமானால் ‘எல்லாம்’ என்ற குறியை நிர்வாகி தானே எழுதியாகவேண்டும். கை தவறி இட்ட கட்டளை ஒரே ஒரு கணிப்பொறியோடு நின்றுவிடும். ஸ்லர்மின் எஸ்-கேன்சலில் இந்த எச்சரிக்கை போதாது. நிர்வாகி ஒரு பிரிவின் பெயரைக் குறிப்பிட்டு அதை இட்டால், அப்பிரிவில் உள்ள அத்தனை பேர் பணிகளும் கேள்வியே இன்றி நீங்கிவிடும். ‘உறுதியா?’ என்று கேட்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதை அவரே வேண்டிப் பெறவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படும் குறை ஒன்று இரு குடும்பங்களுக்கும் பொதுவானது. கணுவை நிறுத்தக் காரணம் கட்டாயம் என்று பார்த்தோம். பணியை நிர்வாகி பிடித்துவைத்தால், அதைப் பிடித்தவர் பயனாளர் அல்லர், நிர்வாகியே என்று ஸ்லர்ம் வரிசையில் காட்டிவிடும், இதுவும் நன்றே. ஆனால் ஒருவருடைய பணியை மட்டும் தூக்கி எல்லாருக்கும் முன்னால் வைக்கிறார் நிர்வாகி என்று கொள்வோம். எஸ்-கண்ட்ரோலில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். காண்டரில் ஒருவருடைய காரணியை மாற்றினால் போதும். இரண்டிலும் ‘ஏன்?’ என்ற கேள்வியை மென்பொருள் கேட்பதில்லை. ஸ்லர்மில் நிர்வாகி குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு; எழுதுவது அவர் விருப்பம். மாற்றம் நிர்வாகப் பதிவேட்டில் பதியும். அப்பதிவேடு வழக்கமாகப் பயனாளர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். போதாக்குறைக்கு, மற்றவர்களின் பணிகளை வரிசையிலிருந்தே மறைத்துவைக்கவும் அமைப்புக் கோப்பில் வழி இருக்கிறது. அவ்வாறு மறைத்த தொகுதியில், தன்னைத் தாண்டிச் சென்றவர் யார் என்பதைக்கூட மாணவி அறியமாட்டாள்.

நிர்வாகிகள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவசரங்கள் நேரும். புயல் வரும்போது வானிலைக் கணக்கு முந்தவேண்டியதுதான். அதை எவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் துறைத்தலைவரின் மாணவருக்குச் செய்த சலுகையும், புயலுக்குச் செய்த முன்னுரிமையும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன. சரியாகச் சொன்னால், இரண்டும் தெரிவதே இல்லை. மின்விசிறி பழுதான கணுவுக்காகக் காரணம் கேட்ட மென்பொருள், ஒரு மனிதரை மற்ற மனிதர்களுக்கு முன்னால் நிறுத்தும்போது மௌனம் சாதிக்கிறது. நுட்பத்தில் இதற்குத் தடை ஏதுமில்லை. கணுவுக்கு எழுதிய அதே நிபந்தனையை இங்கும் எழுத ஒரு நல்ல நிரலாளருக்கு ஒரு வாரம் போதும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பரம் பொருள் என்ற அழகிய தமிழ்ப் பெயர் வாசலில் இருக்கிறது. உள்ளே சென்றால் காரணம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலம். அதுவும் நான்கு சொற்களை இடைவெளியின்றி ஒட்டிய ஆங்கிலம். தமிழ்வழியில் படித்த மாணவருக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் இல்லை. ஒட்டிக்கிடக்கும் அந்தக் கலவையின் பொருள்தான் பிடிபடுவதில்லை. லினக்ஸின் பொதுக் கட்டளைகளை விளக்கும் எளிய தமிழ் நூலை நித்யா துரைசாமி எழுதியிருக்கிறார். அது கணியம் வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. பகிர்வுக் கட்டளைகளுக்கும் அத்தகைய கையேடு வேண்டும். நூல்கூட வேண்டாம், நிலுவைக் காரணங்களில் அடிக்கடி வருபவை பத்துப் பதினைந்துதான். அவற்றின் பொருளையும், ஒவ்வொன்றுக்கும் மாணவர் செய்யவேண்டியதையும் ஒரே தாளில் தமிழில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டலாம்.

இவற்றைச் சோதித்துப் பார்க்க மீக்கணிப்பொறி தேவையில்லை. ஸ்லர்ம், காண்டர் இரண்டையும் லினக்ஸ் உள்ள ஒரே ஒரு கணிப்பொறியில் இலவசமாக நிறுவலாம். காண்டரில் இதற்கென்றே மினி காண்டர் என்ற சிறு தொகுப்பு இருக்கிறது. நிறுவியபின், உங்கள் கணிப்பொறியில் இருப்பதைவிட அதிக நினைவகம் கேட்டு ஒரு பணியை அனுப்புங்கள். பெட்டர்-அனலைஸ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிறகு ஸ்லர்மில் பிரிவின் வரம்பைப் பத்து நிமிடமாக வைத்துவிட்டு இருபது நிமிடம் கேளுங்கள். பணி வரிசையில் போய் நிற்கும். மறுநாள் காலை எழுந்து எஸ்-கியூ இட்டுப் பாருங்கள்; அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.